வீட்டுக்கு வராத மருந்து

என் மகள் குடிக்கும் பால்மாவு கடையில் கிடைக்காது. எங்கள் ஊர் மரக்காணம் கடைத்தெருவை விடுங்கள், திண்டிவனத்திலோ பாண்டிச்சேரியிலோ கேட்டாலும் மருந்துக்கடைக்காரர் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்வார். வெளிநாட்டில் தயாராகி, கப்பலிலோ விமானத்திலோ வந்து, முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் கைக்குக் கிடைக்கும். ஒரு டப்பாவின் விலைக்கு என் வீட்டுக்காரர் உப்பளத்தில் ஒரு வாரத்துக்கு மேல் உப்பு வார வேண்டும். மாதத்துக்கு ஒரு டப்பா போதாது. அது இல்லாமல் போனால் அவளுக்கு மூளை வீங்கும். மருத்துவர் கைப்பட எழுதிக் கொடுத்ததைத்தான் சொல்கிறேன், கூட்டிச் சொல்லவில்லை.

அவளுக்கு இருப்பது மேப்பிள் சிரப் யூரின் டிசீஸ் என்ற பிறவி நோய். சுருக்கமாக எம்.எஸ்.யு.டி. என்பார்கள். நாம் சாப்பிடும் புரதத்தில் லியூசின், ஐசோலியூசின், வாலின் என்று மூன்று அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அவற்றைச் சிதைக்கும் நொதி அவள் உடம்பில் வேலை செய்யாது. சிதையாத லியூசின் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் மூளையைத் தாக்கும். தாய்ப்பாலில் லியூசின் இருக்கிறது, பசும்பாலில் இன்னும் அதிகம், பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் கேட்கவே வேண்டாம். அதனால் அந்த மூன்றையும் நீக்கி, வளர்ச்சிக்கு வேண்டிய மற்ற எல்லாவற்றையும் சேர்த்த ஒரு மாவுதான் அவளுக்குப் பிரதான ஆகாரம், சாகும்வரை. 1954ல் அமெரிக்காவில் மென்கிஸ் என்ற மருத்துவர், ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிறந்து பச்சைக் குழந்தைகளாகவே இறந்துபோன பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களுடைய சிறுநீர் மேப்பிள் மரத்துப் பாகு போல மணந்ததால் நோய்க்கு அந்தப் பெயர். மேப்பிள் பாகை நான் பார்த்ததுகூட இல்லை. எங்கள் வீட்டில் அது வெந்தயமாக மணந்தது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வெந்தயக் களி கிண்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெந்தயத்தையும் அரிசியையும் ஊறவைத்து அரைத்து, பனைவெல்லப் பாகு ஊற்றி, நல்லெண்ணெய் விட்டுச் சுருளச் சுருளக் கிண்டுவார்கள். எனக்குக் கிண்டிக் கொடுத்தது அத்தை. என் மாமியார் ஆவதற்கு முன்பே அவர் என் அப்பாவோடு பிறந்த அக்கா. பிறந்து முதல் வாரம் முடிவதற்குள் குழந்தை மார்பில் வாய் வைக்க மறுத்தாள். எழுப்பினால் எழவில்லை. அழுதால் கீச்சென்று ஒரு குரல், உடம்பு வில்லாக வளைந்தது. நனைந்த துணியைத் துவைக்க எடுத்தால் வெந்தய வாசனை. “களி உன் உடம்புல ஏறிப் பால்ல வருதும்மா, நல்லதுதான்” என்றார் அத்தை.

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். வெந்தயத்துக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் சோட்டலோன் என்ற பொருளே இந்த நோயுள்ள குழந்தையின் சிறுநீரையும் மணக்க வைக்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தாய் வெந்தயம் சாப்பிட்டால் நோயே இல்லாத பிள்ளையின் சிறுநீரும் அப்படி மணக்கலாம். குழந்தையை முதலில் சேர்த்திருந்த இடத்தில் நோய்த்தொற்று என்று ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வேறு மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே ஒரு டாக்டரம்மா குழந்தையின் துணியை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “என்னம்மா சாப்பிடற?” களி என்றேன். இன்னொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். “இன்னையோட களிய நிறுத்து. எதுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பிடறேன்” என்று சொல்லி, குதிகாலில் குத்தி, தடித்த அட்டையில் சொட்டுச் சொட்டாக இரத்தத்தை ஒற்றி எடுத்து அனுப்பினார். களியை நிறுத்திய பிறகும் வாசனை போகவில்லை. முடிவு வருவதற்குள் குழந்தை வென்டிலேட்டருக்குப் போய்விட்டாள். டயாலிசிஸ் செய்து இரத்தத்திலிருந்து லியூசினை இறக்கினார்கள். மூக்குக் குழாய் வழியாக அந்த மாவை முதன்முதலாகக் கொடுத்த அன்று எனக்கு அதன் பெயர்கூடச் சொல்ல வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அத்தை மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது, களிக்காக இல்லை, கல்யாணத்துக்காக. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு இந்த ஆபத்து உண்டு. சொந்தத்தில் கட்டினால் இருவரும் ஒரே பழுதைச் சுமக்க வாய்ப்பு கூடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடந்தவை. சொத்து வெளியே போகாது, பெண் கண்ணெதிரே இருப்பாள் என்றுதான் எங்களையும் சேர்த்து வைத்தார்கள். யாரும் கெடுதல் நினைக்கவில்லை. இன்று பேத்திக்குச் சோற்றை எடை போடுவது அத்தைதான். எனக்குக்கூட அவ்வளவு பொறுமை கிடையாது.

எங்கள் அடுப்படியில் நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருக்கிறது. மாவைக் கரண்டியால் அள்ளக் கூடாது, கிராம் கணக்கில் நிறுக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து ஊற்றிக் குலுக்கினால் மாத்திரையை உடைத்த வாடை வரும். பழகாதவர்கள் முகம் சுளிப்பார்கள், அவள் கடகடவென்று குடித்துவிடுவாள். கைக்குழந்தையாக இருந்தபோது தாய்ப்பாலைப் பீய்ச்சி, அளந்து, இத்தனை மில்லிதான் என்று பாலாடையில் புகட்டினேன். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், குழந்தை பசித்து அழும், அதற்கு மேல் ஒரு சொட்டு கொடுக்கக் கூடாது. அந்த நாட்களை நினைக்க எனக்கு இன்னும் தைரியம் இல்லை. இப்போது அளந்த சோறு, காய், ஜவ்வரிசி. ஜவ்வரிசியில் புரதம் இல்லை என்றே சொல்லலாம், அதனால் கஞ்சியும் உப்புமாவும் வற்றலும் அவளுக்குத் தடையில்லை. கருவாடு மணக்கும் தெருவில் வளரும் பிள்ளைக்குக் கருவாட்டின் ருசி தெரியாது. அங்கன்வாடியில் முட்டை கொடுக்கும் நாளில் ஆயாம்மா அவளுக்கு மட்டும் ஒரு வாழைப்பழத்தைப் பாதியாக நறுக்கிக் கொடுப்பார்.

காப்பீட்டுக்கு வருகிறேன். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது, 2018ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அந்த அட்டை இல்லையென்றால் என் பிள்ளை வென்டிலேட்டரிலிருந்து வெளியே வந்திருக்க மாட்டாள், நாங்கள் கடனிலிருந்து வெளியே வந்திருக்க மாட்டோம். இதை நன்றியோடு சொல்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் காப்பீட்டு உதவி மேசையில் இருந்த தம்பி பொறுமையாகத்தான் விளக்கினார். “வார்டுல இருக்கிற வரைக்கும் பேக்கேஜ்ல வரும்க்கா. வீட்டுக்குக் கொண்டுபோற பால் பவுடருக்குக் கோடு கிடையாது.” அதே மாவு. அதே குழந்தை. மூன்றாவது மாடியில் மருந்தாக இருந்தது, வாசலைத் தாண்டியதும் மளிகைச் சாமான் ஆகிவிட்டது.

நான் பி.காம். படித்தவள். உப்பு வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். லாரி எண், மூட்டை, எடை, வாடகை என்று நாள் முழுவதும் வரவும் செலவும் பார்க்கும் எனக்கு இந்தக் கணக்கு அன்றைக்கே உறுத்தியது. எவ்வளவு பெரிய கணக்கு என்பது மழைக்காலத்தில்தான் புரிந்தது.

மரக்காணத்தில் உப்பு வாருவது தை, மாசியில் ஆரம்பித்து, வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரைதான். ஐப்பசி பிறந்தால் பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்கும், கழுவெளி ஏரி நிரம்பும், கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள்தான் மிச்சம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லாத உப்பளக் குடும்பங்களுக்கு மாநில அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அரிசிக்கும் மளிகைக்கும் அது ஆகும், டப்பாவுக்கு ஆகாது. அப்படி ஒரு மழை மாதத்தில் மாவு தீரும் நேரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இந்த நோயில் காய்ச்சல் என்பது சாதாரண காய்ச்சல் இல்லை. சாப்பிடாமல் கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைக்கும், அந்தப் புரதத்திலிருந்து லியூசின் ஏறும். அந்த நேரத்தில் சாதாரண உணவை நிறுத்திவிட்டு மாவைத்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். கொடுக்க மாவில்லை. நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, ஆம்புலன்ஸில் போகும் வழியிலேயே அவள் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். அட்டை வேலை செய்தது. படுக்கை, டயாலிசிஸ், இரத்தப் பரிசோதனை, ஏன், அந்த மாவுகூட உள்ளே வந்தது. காப்பீட்டில் கழிந்த தொகையைத் தாளில் பார்த்தேன். பல மாதத்து மாவின் விலை. வீட்டில் அவள் ஆரோக்கியமாக இருக்கச் செலவழிக்காத பணத்தை, சாகக் கிடக்கும்போது அதைவிடப் பெரிய தொகையாகச் செலவழிக்கிறோம். பணமாவது ஈடுகட்டக் கூடியது. இப்படி ஒவ்வொரு முறை லியூசின் ஏறும்போதும் மூளையில் என்ன குறைகிறது என்பதைத் திருப்பி வாங்க முடியாது.

வசதியுள்ளவர்களுக்கு இந்தக் கஷ்டம் இருக்காது என்று நினைத்திருந்தேன். சென்னையில் வெளிநோயாளிப் பிரிவில் காத்திருக்கும்போது, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனைச் சந்தித்தேன். அவர் பையனுக்கு வேறு ஒரு வளர்சிதை மாற்ற நோய், வேறு டப்பா. கம்பெனி எடுத்துக் கொடுத்த தனியார் பாலிசி இருந்தும் மறுத்துவிட்டார்கள். கடிதத்தை என்னிடம் காட்டினார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த விலக்குகளில் 14ஆவதைச் சுட்டியிருந்தார்கள். மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய ஊட்டச்சத்துப் பொருள்களுக்குப் பணம் கிடையாது என்பது அதன் சாரம். படுக்கையில் சேர்த்தோ பகல்நேரப் பராமரிப்பிலோ செய்யும் சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதினால் மட்டும் உண்டு. எனக்கு வாயால் சொன்னதை அவருக்கு அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். ஜிம்முக்குப் போகிறவர் வாங்கும் புரத மாவும் என் பிள்ளையின் மாவும் அந்த விதியில் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இது ஏன் என்று தேடித் தேடிப் படித்தேன். இந்த மாவு நம் சட்டத்தில் மருந்து இல்லை, உணவு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளுக்குள் சிறப்பு மருத்துவ உணவாக வருகிறது. மருந்து விலைக் கட்டுப்பாடு இதற்குப் பொருந்தாது, காப்பீட்டின் மருந்துக் கணக்கிலும் ஏறாது. இன்னொரு பக்கம் 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால்மாற்றுச் சட்டம் இருக்கிறது. பால்மாவுக் கம்பெனிகள் தாய்மார்களின் மனதைக் கலைத்து தாய்ப்பாலை நிறுத்தவைத்த அநியாயத்துக்கு எதிராக வந்த நல்ல சட்டம். அதில் ஒரு வரியைக்கூடத் தளர்த்தக் கூடாது என்பேன். ஆனால் தாய்ப்பால் சுவரொட்டிக்குக் கீழே டப்பாவோடு உட்கார்ந்திருக்கும் என் போன்றவளை எல்லோரும் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். “பெத்தவ இருக்கும்போது டப்பா பாலா?” என்று என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் நான் கொடுத்த மனுக்களில் எல்லாம் “பால் பவுடர் வாங்க வசதியில்லை, தயவுசெய்து உதவ வேண்டும்” என்றுதான் எழுதினேன். எங்கள் ஊரில் மனு என்றால் அப்படித்தான் எழுதத் தெரியும். ஓர் அலுவலகத்தில் அதை ஏழ்மை நிவாரணம் என்று பிரித்து வைத்தார்கள். இரக்கப்பட்டு யாரோ ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தார்கள், வேறொருவர் கடையில் விற்கும் சாதாரணக் குழந்தை மாவு நான்கு பாக்கெட் அனுப்பினார். அதைக் குடித்தால் அவளுக்கு விஷம். கொடுத்தவர் மனம் நோகாமல் திருப்பிக் கொடுத்தேன்.

டாக்டரம்மாவிடம் போய் அழுதபோது அவர் என்னை உட்காரவைத்து, “நீ உதவி கேக்காத, சிகிச்சை கேளு. நான் எழுதித் தரேன்” என்றார். உணவியல் நிபுணரையும் கூப்பிட்டு, நானும் பக்கத்தில் இருந்து, ஒரு முழுப்பக்கக் கடிதம் தயாரானது. நோயின் பெயர், அதை உறுதி செய்த பரிசோதனை, எந்த அமினோ அமிலங்கள் நீக்கிய மாவு, ஒரு நாளைக்கு எத்தனை கிராம், மாதத்துக்கு எத்தனை டப்பா, காய்ச்சல் நாட்களில் எவ்வளவு கூடும், எவ்வளவு காலம் என்ற இடத்தில் வாழ்நாள் முழுவதும், இதற்கு மாற்றாக இந்தியக் கடைகளில் விற்கும் எந்தப் பால்மாவையும் தர முடியாது, நிறுத்தினால் என்ன ஆகும். அதற்குக் கீழே நான் ஒரு கணக்கு சேர்த்தேன்: ஒரு மாத மாவின் விலை ஒரு பக்கம், தீவிர சிகிச்சையில் காப்பீடு கொடுத்த தொகை மறுபக்கம். அதற்குப் பிறகு என் தாளை யாரும் ஏழ்மைக் கோப்பில் வைக்கவில்லை.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. 2021 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இரண்டாம் பிரிவு, ‘அ’ உட்பிரிவு முழுக்கச் சிறப்பு மருத்துவ உணவால் சமாளிக்கக்கூடிய நோய்கள். பினைல்கீட்டோனூரியா, எம்.எஸ்.யு.டி., டைரோசினீமியா, ஹோமோசிஸ்டினூரியா, புரோப்பியானிக் அசிடீமியா, காலக்டோசீமியா என்று போகிறது, கடுமையான உணவுப் புரத ஒவ்வாமைகூட அந்தப் பட்டியலில் உண்டு. முதலில் இந்தப் பிரிவுக்கு மத்திய அரசு பணம் ஒதுக்கவில்லை, மாநிலங்கள் விரும்பினால் செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். 2022 மே மாதம் திருத்தம் வந்து, எந்தப் பிரிவாக இருந்தாலும் சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை என்று ஆனது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அந்த மையங்களில் ஒன்று. அங்கே பதிவு செய்தோம். 2023 ஏப்ரல் 1 முதல், இந்தப் பட்டியல் நோய்களுக்குச் சொந்த உபயோகத்துக்காக இறக்குமதி செய்யும் மருந்துக்கும் மருத்துவ உணவுக்கும் அடிப்படைச் சுங்கவரி கிடையாது, சுகாதாரத் துறை அதிகாரியின் சான்று இருந்தால் போதும். அந்தச் சான்றுக்கும் டாக்டரம்மாவின் கடிதமே கைகொடுத்தது. இன்று அவள் குடிக்கும் மாவில் ஒரு பகுதி இப்படித்தான் வருகிறது.

ஆனாலும் 50 லட்சம் என்பது ஓர் ஆயுளுக்கான உச்சவரம்பு. மாவு மாதாமாதம் தீர்கிறது. அரிய நோய்க் கொள்கை இருக்கிறதே, காப்பீடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். பெரிய நிதி பெரிய சிகிச்சைக்கு இருக்கட்டும். மாதாந்தரத் தேவைக்கு, ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கப்படும் காப்பீட்டு அட்டைதான் பொருத்தமான இடம்.

இப்படி ஒரு மாவு உலகத்தில் உண்டானதே ஒரு தாயின் பிடிவாதத்தால்தான் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1951ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹோர்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவர், ஒரு சிறுமிக்கு இருப்பது பினைல்கீட்டோனூரியா என்று கண்டுபிடித்தார். கண்டுபிடிக்க முடிந்தது, செய்வதற்குத்தான் எதுவும் இல்லை. அந்தப் பிள்ளையின் தாய் அதை ஏற்கவில்லை. காலையில் அவர் ஆய்வகத்துக்கு வரும் நேரம் பார்த்து வாசலில் நின்று, என் பிள்ளைக்கு ஏதாவது செய்யுங்கள் என்று நாளும் கேட்டுக்கொண்டே இருந்தாராம். கடைசியில் பிக்கலும் கூட இருந்தவர்களும் பால் புரதத்தைச் சிதைத்து, கரித்தூளில் வடிகட்டி, பினைல்அலனின் நீக்கிய ஓர் ஆகாரத்தைச் செய்தார்கள். எல்லா டப்பாக்களுக்கும் அதுதான் முன்னோடி. அதே இங்கிலாந்தில் இன்று எம்.எஸ்.யு.டி. குழந்தைக்குப் பிறந்த சில நாளிலேயே குதிகால் இரத்தத்தில் நோயைக் கண்டுபிடிக்கிறார்கள், 2015 முதல். மாவை மருத்துவர் சீட்டில் எழுதுகிறார், குழந்தைக்கு அது காசில்லாமல் கிடைக்கிறது. பணக்கார நாடு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்கா அதைவிடப் பணக்கார நாடு, அங்கே நாடு முழுவதற்குமான சட்டம் வேண்டும் என்று பெற்றோர்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, அத்தைக்கு பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. சுகாதாரத் தன்னார்வலர் வந்து, பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, நோட்டில் குறித்துக்கொண்டு போகிறார். பக்கவாதம் வந்த பிறகு செலவழிப்பதைவிட, வராமல் பார்த்துக்கொள்வது மேல் என்று புரிந்துகொண்ட அரசு இது. காப்பீட்டுத் திட்டத்திலும் அறுவை சிகிச்சைக்குப் பின் தொடர் சிகிச்சைக்கென்று தனித் தொகுப்புகள் உண்டு. காது கேளாத குழந்தைகளுக்கு லட்சக்கணக்கில் விலையுள்ள காக்ளியர் கருவியைப் பொருத்திப் பேச வைத்தது இதே திட்டம்தான். ஆகவே நாங்கள் கேட்பது புதிதாக ஒன்றை அல்ல. தேசியக் கொள்கையின் இரண்டாம் பிரிவு ‘அ’ பட்டியலில் உள்ள நோய் உறுதிப்பட்ட குழந்தைக்கு, மருத்துவர் எழுதிய அளவில், வீட்டில் உபயோகிக்கும் மாவைத் தொடர் சிகிச்சைத் தொகுப்பாகச் சேர்க்க வேண்டும். தனியார் பாலிசிகளில் 14ஆவது விலக்கிலிருந்து இந்த மாவை வெளியே எடுக்க வேண்டும். அவசரத்துக்கு ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் சில டப்பாக்கள் இருப்பில் இருக்க வேண்டும், மழைக்காலத்தில் கடலோரப் பிள்ளைகள் சென்னை போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

வெளிநோயாளிப் பிரிவில் பழக்கமான குடும்பங்கள் சேர்ந்து இதை ஒரே மனுவாக எழுதியிருக்கிறோம். கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிய அதிகாரி மரியாதையாகவே கேட்டார், “இது எவ்வளவு நாளைக்கும்மா?”

“எங்க அத்தைக்குத் தர்ற பிரஷர் மாத்திரை எவ்வளவு நாளைக்கோ அவ்வளவு நாளைக்கு, சார்.”

அவர் தலையசைத்து, மனுவோடு இணைத்திருந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தார். எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தோம் என்று நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம். டாக்டரம்மா எழுதிய அந்த முழுப்பக்கக் கடிதத்தின் அமைப்பை, என் மகளின் விவரங்களை எடுத்துவிட்டு, தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். இந்தப் பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு நோயோடு உங்கள் குழந்தையோ உங்களுக்குத் தெரிந்த குழந்தையோ இருந்தால், உங்கள் மருத்துவரிடம் அந்த அமைப்பிலேயே எழுதி வாங்குங்கள். கிராம் கணக்கையும் மாதக் கணக்கையும் விட்டுவிடாதீர்கள்.